விதிகளை எங்கே வைப்பது: பக்கத்தின் அடியிலா, கேள்விப் பெட்டியிலா?

கிளிநொச்சிப் பக்கம் நெல் செய்கிறவர்கள் கேள்வி கேட்கவென்று ஒரு தமிழ்த் தளம் தொடங்கும் வேலையில் சிலர் இறங்கியிருக்கிறோம். என்னென்ன விதி என்பதில் சண்டை இல்லை. அவற்றை எங்கே வைத்தால் கண்ணில் படும் என்பதில்தான் இழுபறி.

வழமையான இடம், பக்கத்தின் அடியில் ‘விதிமுறைகள்’ என்றொரு இணைப்பு. அது தேவைதான். ஒருவரின் பதிவை நீக்கினால் காரணம் காட்ட, முழு விதியும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் வரம்பில் நின்று கைபேசியில் கேட்கிறவர் அவ்வளவு தூரம் கீழே இறங்க மாட்டார். கணினியில் ஓரமாக நிற்கும் பட்டியும் கைபேசித் திரையில் பெரும்பாலும் ஒளிந்துவிடும்.

சேரும்போதே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. கணக்குத் திறக்கும் அவசரத்தில் யார் வாசிக்கிறார்கள்? நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் சுருக்கமான அறிமுகப் பக்கம் உண்டு, முழுக்க வாசித்தால் ஒரு பதக்கமும் உண்டு. அவர்களுக்குச் சரி. பயிர் வாடுதே என்று வருகிற கமக்காரருக்குப் பதக்கம் எதற்கு?

மேலே ஒட்டிவைக்கும் அறிவிப்புக்கு நல்ல சான்று இருக்கிறது. ரெடிட் என்ற உரையாடல் தளத்தின் அறிவியல் பகுதியில் 2,190 உரையாடல்களை வைத்து நேதன் மத்தியாஸ் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. உரையாடலின் உச்சியில் விதிகள் தெரிந்த இடங்களில், புதியவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. பேச வந்த புதியவர்களும் சராசரியாக 70 சதவீதம் கூடினார்கள். விதியைக் காட்டினால் சனம் பயந்து ஓடும் என்று எங்களில் சிலர் சொல்வதற்கு இது நேர்மாறு.

இருந்தாலும் என் தெரிவு கேள்விப் பெட்டிதான். “பயிர் மஞ்சளாப் போச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று ஒரு இலையின் படத்தோடு கேள்வி வரும். ஒருவர் யூரியா போடு என்பார், இன்னொருவர் பூச்சி என்பார், மூன்றாமவர் தண்ணீரை வடி என்பார். யாரிலும் பிழையில்லை, கேள்வியில்தான் விபரம் இல்லை. எழுதும் பெட்டிக்குள்ளேயே மங்கலான எழுத்தில் “என்ன இனம்? விதைத்து எத்தனை நாள்? கடைசியாக என்ன போட்டீர்கள்?” என்று நின்றால், விதி என்ற நினைப்பே இல்லாமல் அவர் அதைப் பின்பற்றிவிடுவார். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை விதைக்க முன்னரே கூட்டம் வைத்து முடிவெடுக்கிறார்கள். விதைத்த பிறகு சொல்லி என்ன பயன்?

பெட்டிக்குள் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது, தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறையவும் கூடாது. பெட்டிக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். அதன் கீழே ‘ஏன் கேட்கிறோம்?’ என்று முழு விதிப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு. பதில் எழுதும் பெட்டிக்கு ஒரே வரி போதும்: போத்தலில் உள்ள அளவைப் பார்க்காமல் மருந்தளவு சொல்லாதீர்கள்.