கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் ‘புக்’ பண்ணும் முன் ரசீதைப் படியுங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பவர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். அக்கா வீட்டுக்கும் வந்தது. பையன் பெயர், படித்த குரூப், மச்சானின் நம்பர் எல்லாம் அந்த ஆளிடம் இருந்தது. யார் கொடுத்தார்களோ! “சி.எஸ்.இ. சீட் கொஞ்சம்தான் சார் பாக்கி, ரிசல்ட் வந்துட்டா ரேட் ஏறிடும்” என்றார். மச்சான் ₹40,000 அட்வான்ஸ் கட்டினார். ரிசல்ட் வந்ததும் “வெரிஃபிகேஷன்” என்று சொல்லி டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டது கல்லூரி.

அப்புறம்தான் கவுன்சிலிங். பையனுக்குக் கட்-ஆஃப் 200-க்கு 171. வேறொரு கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில், கணினி அறிவியலே கிடைத்தது. வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்பதால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் உண்டு. ஒற்றைச் சாளர முறையில், அதாவது அரசு கவுன்சிலிங்கில், சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. போன் செய்த ஆள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சேர்வதற்கு டி.சி. வேண்டுமே. கேட்கப் போனால், “நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க” என்றார் ஆபீஸில் இருந்தவர், ஏதோ டோக்கன் கொடுப்பவர் போல. அன்றைக்குத்தான் ரசீதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே கல்லூரிப் பெயரே இல்லை, ஒரு டிரஸ்ட் பெயர். ‘விவரம்’ என்ற இடத்தில் “வளர்ச்சி நிதி நன்கொடை”. பாடப்பிரிவு என்ற இடத்தில் வெறும் “பி.இ.” அட்மிஷன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னால், பையன் பெயருக்கு நேரே அந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய வேறொரு பிரிவு! “அதுவும் கம்ப்யூட்டர்தான் சார்” என்கிறார்கள். இருக்கலாம். பேசியது அது இல்லையே.

நன்கொடை என்று எழுதிவிட்டால் ஃபீஸைத் திருப்பித் தரும் பேச்சே எழாது, அதுதான் சூட்சுமம். ஆனால் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ₹1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி சொல்கிறது. இதையெல்லாம் எழுதி, ரசீது நகலையும் இணைத்து, கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் நகல் போனது. ஆபீஸில் நின்று போட்ட சத்தத்துக்கு அசையாதவர்கள் அந்தத் தபாலுக்கு அசைந்தார்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கும்போது டி.சி. கைக்கு வந்தது.

புக்கிங் பண்ணியே ஆக வேண்டும் என்கிறவர்கள் இதையாவது பாருங்கள். ரசீது கல்லூரிப் பெயரில் இருக்க வேண்டும், பாடப்பிரிவின் முழுப் பெயரும் அதில் வேண்டும், காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கட்டுங்கள். அந்தப் பிரிவுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்பதை ஏ.ஐ.சி.டி.இ. தளத்திலேயே பார்க்கலாம். சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கவுன்சிலிங்குக்குக் கொடுக்கின்றன. “சீட்டே இருக்காது” என்பதெல்லாம் பயமுறுத்தல். சரிபார்க்க நகல் போதும். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

பணத்தில் பாதிதான் இதுவரை வந்திருக்கிறது. மீதியைக் கேட்டால், “டிரஸ்ட் மீட்டிங்ல வச்சிருக்கோம் சார்” என்கிறார்கள்.