கையில் 15,000 ரூபாய்: முதலில் ஸ்பீக்கரா, ஆம்பா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஆடியோ கடை எதில் நுழைந்தாலும் ‘1000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டி கண்ணில் படும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆம்பைத் திருப்பி, அதில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் செருகியிருக்கிறது என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்றால், அதை ஓடும் காரின் மின்னழுத்தமான 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 276 வாட். தொடர்ந்து உள்ளே இழுக்கக்கூடிய மின்சாரமே அவ்வளவுதான். ஏபி வகை ஆம்பாக இருந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகக் கழியும். ஆக, ‘ஆயிரம்’ என்பது சுமார் 150.

காரோடு வரும் மியூசிக் செட்டிலும் இதே கதைதான். ‘50 x 4’, அதாவது நான்கு ஸ்பீக்கர் சேனலுக்கும் தலா 50 வாட் என்று போட்டிருக்கும். உண்மையில் ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட் வந்தால் அதிகம். இந்த 15-20 வாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கர் வாங்க வேண்டும்.

முன்கதவுக்குக் கோஆக்சியலா, காம்பொனென்டா என்பது முதல் சண்டை. கோஆக்சியலில் கீச்சு ஒலி தரும் சின்ன ட்வீட்டர், கனத்த ஒலி தரும் பெரிய ஊஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்தது. ஆனால் கதவின் அடியிலிருந்து வருவதால் பாடகர் நம் முழங்காலுக்குப் பாடுவது போலிருக்கும். காம்பொனென்ட் செட்டில் ட்வீட்டர் தனி. கண்ணாடி மூலையிலோ டேஷ்போர்டு மேலோ வைத்தால் குரல் எதிரே எழுந்து நிற்கும். கேட்டுப் பழகியவர்கள் திரும்ப மாட்டார்கள். விலையும் கூலியும் கூடுதல் என்பதோடு, இவற்றில் பல ஆம்ப் இல்லாமல் சோம்பிக் கிடக்கும்.

காரணம் சென்சிட்டிவிட்டி. ஒரே வாட்டுக்கு எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற கணக்கு அது, டெசிபலில் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இருமடங்கு வாட் வேண்டும். 92 டெசிபல் கோஆக்சியல் 18 வாட்டில் தரும் சத்தத்துக்கு, 89 டெசிபல் காம்பொனென்ட் 36 வாட் கேட்கும். அது உங்கள் செட்டில் இல்லை. ஆம்ப் வாங்கும் எண்ணமே இல்லையென்றால் கோஆக்சியல்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: மலிவான ட்வீட்டரில் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும். கடையில் வைக்கும் டெமோ பாட்டை நம்பாமல், உங்கள் பென்டிரைவைக் கொண்டுபோங்கள்.

சரி, ஆம்பை முதலில் வாங்கிக் கம்பெனி ஸ்பீக்கரையே ஓட்டினால்? சிலர் அப்படிச் செய்கிறார்கள். சத்தம் ஓரளவு தெளியும்தான். ஆனால் அந்தச் சின்னக் காந்தமும் மெல்லிய காகிதக் கோனும் கொஞ்சம் ஏற்றியதுமே கரகரக்கத் தொடங்கும். என் ஓட்டு ஸ்பீக்கருக்குத்தான், அதுவும் முன்கதவுக்கு மட்டும். பின்பக்கத் தட்டில் 6x9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் வைப்பது நம் ஊர் வழக்கம்; ஓட்டுபவருக்கு அதனால் பெரிய லாபமில்லை, பின்சீட்டில் இருப்பவருக்குத் தலைவலி.

மிச்சப் பணத்தைக் கதவுக்குச் செலவழியுங்கள். கதவுத் தகரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள ஓட்டைகள் வழியே ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்னால் வந்து பேஸை, அதாவது கனத்த அடி ஒலியைத் தின்றுவிடும். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி ஓட்டைகளை அடைத்தால், 1980-களின் திரைப்பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டார் திடீரென்று ‘இருக்கிறேன்’ என்னும். இத்தனைக்கும் இதைச் செய்யச் சொல்லி எந்தக் கடைக்காரரும் என்னிடம் வற்புறுத்தியதில்லை.

அடுத்த போனஸில் ஆம்ப் வாங்கும்போது டி வகையைப் பாருங்கள். சூடு குறைவு, சீட்டுக்கடியில் அடங்கும். கம்பெனி டச் ஸ்கிரீனை மாற்ற முடியாத காராக இருந்தால், ஸ்பீக்கர் வயரையே உள்வாங்கும் ‘ஹை லெவல் இன்புட்’ அவசியம். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆழமான பேஸை ஆம்பிலேயே வெட்டிவிட்டால் அது நிம்மதியாகப் பாடும். பேட்டரியிலிருந்து வரும் வயர் அசல் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று சுரண்டிப் பார்க்கவும் தயங்காதீர்கள். அந்த வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் கூடாது.

மாட்டும்போது கம்பெனி வயரை வெட்டாமல், அப்படியே செருகும் கப்ளர் போடச் சொல்லுங்கள். என் காரில் வெட்டித்தான் முறுக்கினார்கள். புது ஸ்பீக்கரில் பேஸே இல்லை. இரண்டு வாரம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தற்செயலாக, இடது வலது ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளியபோது பேஸ் திரும்பி வந்தது! ஒரு கதவில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கடையிலிருந்து காரை எடுக்கும் முன் அந்தப் பேலன்ஸை ஒருமுறை இப்படியும் அப்படியும் தள்ளிப் பாருங்கள், அரை நிமிட வேலை.