கேபிளா, ஃப்ரீ டிஷ்ஷா? எங்க வீட்டு பஞ்சாயத்து

எட்டு மாசம் கழிச்சி சத்துவாச்சாரி வீட்டுக்கு மறுபடி டிவி வந்துடுச்சி, ஆயா அதுக்கு குங்குமம் வெச்சி கற்பூரம் காட்டிட்டாங்க, ரிமோட்டுக்கும் சேர்த்துதான். அடுத்த சண்டை கேபிளா ஃப்ரீ டிஷ்ஷான்னு.

டிடி ஃப்ரீ டிஷ், அதான் தூர்தர்ஷனோட டிஷ் சேவை, 2004ல இருந்து இருக்குது, மாசக் கட்டணமே கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்குனா போதும்னு நைனா ஒத்தக்கால்ல நின்னாரு. ஆனா தமிழ் சேனல் கம்மி. டிடி தமிழ் (2024 வரைக்கும் பொதிகைன்னு சொன்னோமே, அதேதான்) வருதுன்னாரு, "அப்போ என் சீரியல் எங்க"ன்னு அம்மா கேட்டதுக்கு நைனாகிட்ட பதில் இல்ல. அதோட பெரிய மழை வந்தா சிக்னல் படுத்துடும், படம் கட்டம் கட்டமா உடையும், அப்புறம் யாரு மாடி ஏறி டிஷ்ஷை திருப்பறது, நான்தான்.

கேபிள்ல அந்த தொல்லை அவ்வளவா இல்ல, சீரியலும் வரும், ஆனா மாசாமாசம் காசு, தெருமுனைல கேபிள் சிக்னலை ஏத்திவிடற ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் போச்சின்னா நம்ம வீட்ல கரண்ட் இருந்தும் புஸ்ஸு.

கடைசில கேபிள்தான். வேலூர்ல மழை எங்க பெய்யுது, வெயில்தானன்னு நைனா இன்னும் முனகறாரு, ஆனா சாயந்திரம் சீரியலுக்கு முதல் ஆளா பாயை விரிக்கறதும் அவருதான்.