வீட்டுக்கு வரும் சாரா, தெருமுனை டியூஷனா, செல்போனா?

ஜூன் மாதம் நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: டியூஷனுக்கு எங்கே அனுப்புவது? ஒரு காலத்தில் தெருவில் பி.எட். படித்த அக்கா ஒருவர் இருப்பார், விஷயம் அதோடு முடிந்தது. இப்போது வீட்டுக்கே வரும் சார், ஆன்லைனில் தனி வகுப்பு, பாடம் நடத்தும் செயலி என்று வழிகள் கூடிவிட்டன. தெருமுனை டியூஷனைத் தவிர எல்லோரும் சொல்வது ஒன்றே: "உங்கள் பிள்ளைக்கென்றே தனிக் கவனம்."

இந்த வாக்குறுதிக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியது. தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்திவிட்டார் என்றார் அவர். அந்த மாணவர்களுக்கு அடிக்கடி சிறு தேர்வு வைத்து, தேறாத இடத்தை மறுபடி நடத்திய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள் என்பதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. பலன் தனிக் கவனத்தால் வந்ததா, அந்தத் திருத்தத்தால் வந்ததா? 2011இல் அமெரிக்க ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனித ஆசிரியரின் பலன் (தனியாகச் சொல்லிக்கொடுக்கப்படாதவர்களை எவ்வளவு முந்தினார்கள் என்ற அளவு; எண் கூடினால் பலன் கூடுதல்) 0.79 என்றும், ஒவ்வொரு படியாகப் பார்த்துத் திருத்தும் கணினி நிரலின் பலன் 0.76 என்றும் வந்தது. விடை சரியா தப்பா என்று மட்டும் சொல்லும் நிரலுக்குக் கிடைத்தது 0.31தான். ஆக, சொல்லிக்கொடுப்பது ஆளா கருவியா என்பதைவிட, நடுவில் உள்ள படிகளை யாராவது பார்க்கிறார்களா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 503இலிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை 475 என்று எழுதுகிறது. சாதாரணச் செயலி சிவப்புக் குறி போட்டு அடுத்த கணக்கைத் தரும். நோட்டைப் பார்க்கும் அக்காவுக்கோ உடனே பிடிபடும்: எட்டிலிருந்து மூன்று, ஏழிலிருந்து சைபர், ஐந்திலிருந்து ஒன்று. மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை, அதிலும் நடுவில் சைபர் வந்தால் சுத்தமாக ஓடவில்லை. இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஆறாம் வகுப்பில் தசமம் வரும்போது "கணக்கே வராது" என்று பட்டம் கட்டிவிடுவோம்.

அதனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு என் ஓட்டு தெருமுனை டியூஷனுக்கு, ஆனால் தலைகளை எண்ணிப் பார்த்த பிறகு. எட்டுப் பத்துப் பேர் என்றால் நல்லது. பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். முப்பது பேர் ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள் என்றால், அது பெற்றோர் வேலைவிட்டு வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதுவும் தேவைதான், ஆனால் அதை டியூஷன் கணக்கில் எழுதாதீர்கள். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதே தெரு வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது: கொரோனாவால் விட்டுப்போன பாடத்துக்கு, மாலை நேரத்தில், அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்.

வீட்டுக்கு வரும் சார் செலவு கூடிய வழி. கட்டணம் சில மடங்கு ஆகும். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு பாடம் உதைக்கிறது என்றால் சில மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் எல்லாப் பாடத்துக்கும் என்றால் வேண்டாம். சார் பக்கத்தில் இல்லாமல் பேனாவைத் தொடாத பிள்ளைகள் உண்டு. இன்னொன்று, பள்ளி ஆசிரியரையே கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

ஆன்லைன் தனி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பெரிய குறை: கேமராவில் முகம் தெரியும், நோட்டு தெரியாது. போனை ஸ்டாண்டில் வைத்து நோட்டைப் பார்த்தபடி திருப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். கேட்டால் பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்பவர்களிடம் மட்டும் மாதாமாதம் தருகிறேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட முப்பத்தைந்து வயதுப் பெண், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுத நினைக்கிறார் என்று வையுங்கள். அங்கே மேல் வயது வரம்பு இல்லை, ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். இவர் தெருமுனை டியூஷனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருவாரா? அதே தெருவில் நாளைக்கு முகம் பார்க்க வேண்டுமே! இவருக்கு இரவு ஒன்பதரைக்கு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, போனில் தனி வகுப்புதான் சரி. ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு வருபவர்களுக்கும் அப்படியே. அதற்கு முன், தப்பாகப் பேசிப் பழக செயலி நல்ல துணை. எத்தனை தடவை தடுமாறினாலும் அது சிரிக்காது.

எதைத் தேர்ந்தாலும் முதல் மாதம் முடிந்ததும் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். "நல்லா படிக்கிறான் சார், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி" என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். "பின்னம் கூட்டும்போது கீழ் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறான்" என்று சொல்பவரிடம் அடுத்த மாதக் கட்டணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.