ஏடிஎச்டியும் இரைச்சலும்: காதடைப்பான், ஹெட்ஃபோன், பின்னணி ஒலி – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எனக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு இருப்பது வயது வந்த பிறகே கண்டறியப்பட்டது. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் மனநலக் கோளாறுகளின் கண்டறிதல் கையேடு, புறத்தூண்டல்களால் எளிதில் கவனம் சிதறுவதை இதன் அறிகுறிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தூண்டல் பெரும்பாலும் காது வழியாகவே வருகிறது. பக்கத்து மேசையில் ஒருவர் பேனாவின் பொத்தானை அழுத்தி அழுத்தி விடும்போது, படிக்கும் வாக்கியம் கண்ணெதிரே இருந்தாலும், வினைமுற்றுக்கு வந்து சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோய்விடும். அடுத்த 'டிக்' எப்போது வரும் என்று காது காத்திருக்கத் தொடங்கிவிடும். இதற்காகப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் சாதனங்களைப் பற்றியது இந்தப் பகிர்வு.

முதலில் வாங்கியது நுரையாலான காதடைப்பான். உறையில் 30 டெசிபல் அளவுக்கு ஒலியைக் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தாலும், சரியாகப் பொருத்தாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. அதை விரல்களால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகியபின் நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேனா ஓசை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஆனால் காது அடைபடுவதால் நம் குரலும் மெல்லும் ஓசையும் தலைக்குள் முழங்கத் தொடங்குகின்றன. ஆகவே ஆழ்ந்து படிப்பதற்கு உதவும் இது, பேச வேண்டிய வேலைக்குப் பயன்படாது.

அடுத்தது, இரைச்சலை நீக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன். இதன்மீதுதான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருந்தேன். வெளியொலியை மைக் மூலம் உள்வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி இது ஒலியை அமிழ்த்துகிறது. மின்விசிறி, குளிர்சாதனம், வாகன எஞ்சின் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளிடம் இம்முறை மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. மனிதப் பேச்சு, பாத்திரம் விழுவது, கதவு அறைபடுவது போன்றவற்றில் அதன் கை ஓங்குவதில்லை. இதில் வாங்கும்முன் எவரும் சொல்லாத ஒரு விளைவு உண்டு: அதுவரை பேச்சை ஓரளவு மூடிவைத்திருந்த மின்விசிறியின் இரைச்சல் நீங்கியதும், சற்றுத் தள்ளி நடக்கும் உரையாடல் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது.

கவனத்தைக் கலைப்பது ஒலியின் அளவைவிட அதன் மாற்றமே என்பதை இந்த அனுபவம் எனக்கு உணர்த்தியது. பொருள் விளங்காத அந்நிய மொழிப் பேச்சும் நினைவாற்றலைப் பாதிக்கிறது என்பதைக் கோல், வெல்ஷ் என்ற ஆய்வாளர்கள் 1976-இலேயே காட்டியிருக்கிறார்கள். சீரான இரைச்சலைவிட, மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் அதிகம் குலைக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. தொலைபேசி உரையாடலில் ஒரு தரப்பு மட்டும் காதில் விழுவது, இருவரும் பேசுவதைக் கேட்பதைவிடக் கவனத்தை அதிகம் இழுக்கிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்வதை என் அன்றாடத்தில் அப்படியே காண்கிறேன்.

எனவே இப்போது ஹெட்ஃபோனை அணிந்தபின் அதற்குள் பிரவுன் நாய்ஸ் எனப்படும் ஆழ்ந்த, சீரான இரைச்சலை மெல்லிய அளவில் ஓடவிடுகிறேன். நிசப்தத்தால் கிடைக்காத பயன் இதனால் கிடைத்தது: பேச்சின் ஓரங்கள் மழுங்கி, சொற்கள் சொற்களாகக் காதில் விழாமல் போகின்றன. ஏடிஎச்டி உள்ள சிறுவர்களுக்கும் இளையோருக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு இரைச்சல்கள் (இவையும் பிரவுன் நாய்ஸ் போன்ற சீரான ஒலி வகைகளே) சிறிதளவு உதவுவதாகவும், ஏடிஎச்டி இல்லாதவர்களின் செயல்திறனை அவை சற்றுக் குறைப்பதாகவும் 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. பிரவுன் நாய்ஸுக்கு அதில் ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை. அதை நான் தேர்ந்தெடுத்தது, வெள்ளை இரைச்சலின் சீறல் என் காதுக்கு ஒத்துவராததால்தான். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இது பிடிக்கும் என்று எண்ணி ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.

நீண்டகாலப் பயன்பாட்டில் மிகவும் கவனிக்க வேண்டியது காதின் பழக்கம். நாள் முழுவதும் காதை அடைத்திருந்த காலங்களில், மாலையில் அடைப்பானைக் கழற்றியதும் தட்டில் கரண்டி படும் ஓசைகூட எனக்குக் கூசியது. காதடைப்பானைத் தொடர்ந்து இரண்டு வாரம் அணிந்தவர்களுக்கு ஒலிக்கூச்சம் கூடியதையும், மெல்லிய இரைச்சலைக் கேட்டுவந்தவர்களுக்கு அது குறைந்ததையும் 2003-இல் ஃபோர்ம்பி குழுவினர் பதிவு செய்துள்ளனர். அதனால் கடினமான வேலைகளுக்கு மட்டுமே இப்போது காதை அடைக்கிறேன். ஒலியின் அளவிலும் எல்லை தேவை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிறர் மெல்லும் ஓசையைக் கேட்டதும் கவனம் சிதறுவதற்குப் பதிலாகக் கோபம் பொங்குமானால், அது குறிப்பிட்ட ஓசைகளைச் சகிக்க முடியாத நிலையான மிசோஃபோனியாவாக இருக்கலாம். அதற்குச் சாதனம் வாங்குவதைவிடச் செவித்திறன் வல்லுநரையோ மனநல மருத்துவரையோ பார்ப்பதே நல்லது.

கண்ணாடி அணிபவர்கள் ஹெட்ஃபோனைக் கண்ணாடியோடு சேர்த்தே அணிந்து பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடியின் கால், ஹெட்ஃபோனின் காது மெத்தைக்கும் தோலுக்கும் இடையே விடும் சிறு இடைவெளி வழியாகவே இரைச்சல் உள்ளே வந்துவிடுகிறது. மெத்தை தேய்ந்தாலும் இதே நிலைதான். உடன் பணிபுரிவோரிடம், பின்னாலிருந்து தோளைத் தொடாமல் என் பார்வை படும் இடத்தில் வந்து நின்று கையசைக்குமாறு கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தயங்காமல் அப்படியே செய்கிறார்கள்.