வங்கி கிளார்க்கா, செக்யூரிட்டி சூப்பர்வைசரா?

ராணுவத்தில் ஓய்வுபெற்று பெங்களூரு அல்சூருக்கு வரும் ஹவில்தார் அண்ணன்கள் கேட்பது இதைத்தான். எதில் சேர்ந்தாலும் ராணுவப் பென்ஷன் தொடர்ந்து வரும்.

வேகம்: செக்யூரிட்டியில் அடுத்த வாரமே சேரலாம். வங்கிக்குத் தேர்வு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நிலைப்பு: வங்கியில் 60 வயது வரை. செக்யூரிட்டியில் ஒப்பந்தம் கைமாறினால் வேலை போகலாம். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வரும் எங்கள் அண்ணன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே தூங்கிவிடுவார்.

வாய்ப்பு: பொதுத்துறை வங்கி கிளார்க் பணியில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு, வயதுத் தளர்வும் உண்டு. ஆனால் கர்நாடகத்தில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். நம்மவர்களுக்குப் பேச்சு வரும், எழுத்துதான் இடிக்கும்.

கடன் நெருக்கினால் செக்யூரிட்டி சரி. 40 தாண்டாதவர்கள் தயவுசெய்து வங்கியை விடாதீர்கள். கன்னட எழுத்தை இன்றே தொடங்குங்கள்.