லாஸ் வேகஸ் சூதாட்டச் சட்டப் படிப்பு: யாருக்கு ஏற்றது?

நெவாடா பல்கலைக்கழகத்தின் பாய்ட் சட்டக் கல்லூரி தரும் சூதாட்டச் சட்ட எல்எல்எம் (சட்ட முதுநிலைப் பட்டம்), கேசினோ ஒழுங்குமுறையில் இறங்க நினைப்பவர்களுக்கு மிக நல்ல தேர்வு. காரணம் இடம்தான். நெவாடா மாநிலத்தில் கேசினோ உரிமம் தர இரண்டு அமைப்புகள் உண்டு. மூன்று பேர் கொண்ட சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் உரிம விண்ணப்பத்தைத் துருவி விசாரித்துப் பரிந்துரைக்கும். ஐந்து பேர் கொண்ட சூதாட்ட ஆணையம் முடிவெடுக்கும். இந்தக் கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன. கட்டாயம் போய் உட்கார்ந்து கவனியுங்கள். பாடப்புத்தகம் அதற்கு ஈடாகாது.

ஊன்றிப் படிக்க வேண்டியது பங்குரிமை விதிகள். பட்டியலிடப்பட்ட கேசினோ நிறுவனத்தில் வாக்குரிமைப் பங்கு 5 சதவீதம் தாண்டினால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 10 தாண்டினால் தகுதி விசாரணை. அந்தச் செலவும் விண்ணப்பதாரர் தலையில்தான். பணத்தின் மூலத்தை ஆவணத்தோடு காட்ட முடியாதவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

விளையாட்டு அணி வாங்குவது வேறு கணக்கு. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணியில் முதன்மை உரிமையாளர் குறைந்தது 30 சதவீதம் வைத்திருக்க வேண்டும். மற்ற உரிமையாளர்களின் ஒப்புதலும் வேண்டும். இதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

இதே கல்லூரியில் 2003இல் ஜேடி (அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டம்) முடித்த சாண்ட்ரா டக்ளஸ் மார்கன், 2019இல் அந்தக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரானார்; 2022இல் லாஸ் வேகஸின் என்எஃப்எல் அணியான ரைடர்ஸின் தலைவரானார். உரிமையாளர் அல்ல, நிர்வாகப் பொறுப்பு. அந்தப் பாதையில் நகர அரசு வழக்கறிஞர் பணியும் உண்டு. படிப்பு மட்டும் அங்கே கொண்டுபோய் விடாது.

எல்எல்எம் சேர முன்பே சட்டப் பட்டம் வேண்டும். வழக்கறிஞராகப் பதிவது தனி நடைமுறை.